ஜெர்ஸி நம்பர் 68 ஏன்? - டாங்கிகளுக்கு ஐஸ் ஹாக்கியில் பதில் சொன்ன நாட்டின் கதை!

தோனி ஏன் 7-ம் நம்பர் ஜெர்ஸி போடுறார்னு உங்களைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. ஏழாம் மாசம், ஏழாம் தேதி பிறந்தவர். அவ்ளோதான் மேட்டர்.

இப்போ இன்னொரு நம்பர் சொல்றேன். 68. இந்த ஜெர்ஸிக்குச் சொந்தக்காரர் யாரோமீர் யாகர். செக் நாட்டுக்காரர். கிரிக்கெட்டுக்கு சச்சின் எப்படியோ, ஐஸ் ஹாக்கிக்கு இவர் அப்படி. அவர் பிறந்தது 1972, பிப்ரவரி 15. எப்படிக் கூட்டிக் கழிச்சாலும் 68 வராது. நியூமராலஜியும் கிடையாது.

அது ஒரு வருஷம். அவர் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, 1968-ல் அவர் நாட்டுக்குள் டாங்கிகள் வந்தன. அந்த வருஷத்தை யாரும் மறந்துடக் கூடாதுனுதான் முதுகில் போட்டுக்கிட்டார் யாகர்.

அந்த டாங்கிகளுக்கு அடுத்த வருஷம் ஒரு ஐஸ் ஹாக்கி போட்டியில் பதில் கிடைச்சது. அந்தப் பதிலுக்கு நாடு ஒரு விலையும் கொடுத்தது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தாதான் கதை முழுசாப் புரியும்.

முதல்ல, ஐஸ் ஹாக்கினா என்ன?

நம்ம ஊர் ஹாக்கியை மனசுல இருந்து கொஞ்சம் தள்ளி வெச்சுடுங்க. இங்கே புல்தரை கிடையாது, பனித்தளம். ஷூவுக்குப் பதிலா பிளேடு வெச்ச ஸ்கேட்ஸ். பந்துக்குப் பதிலா 'பக்' என்கிற தட்டையான கறுப்பு ரப்பர் வட்டு. நம்ம கேரம் போர்டு ஸ்ட்ரைக்கரைப் பெருசாக்கி, ரப்பர்ல செஞ்ச மாதிரி இருக்கும். எடை சுமார் 160 கிராம்.

ஒரு அணியில் கோல்கீப்பரோடு சேர்த்து ஆறு பேர் களத்தில் இருப்பாங்க. மொத்தம் 60 நிமிஷ ஆட்டம், 20 நிமிஷம் வீதம் மூணு பகுதி. ஸ்பீடு அப்படி இருக்கும் என்பதால், ஒரு நிமிஷம்கூட ஆகறதுக்குள்ளே வீரர்கள் பெஞ்சுக்கு ஓடிவந்து, அடுத்த செட் ஆளுங்க உள்ளே குதிப்பாங்க. உடம்போடு உடம்பு மோதுவதும் ஆட்டத்தில் ஒரு பகுதிதான். அதனால் கோபம் உள்ளவங்களுக்கு இந்தக் களத்தில் அதைக் காட்ட நிறைய இடம் உண்டு. இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

1968: வசந்தம் வந்தது, பின்னாலேயே டாங்கியும் வந்தது

இன்னைக்கு செக் குடியரசு, ஸ்லோவாகியானு ரெண்டா இருக்கிற நாடுகள் அப்போ ஒண்ணா இருந்தன. பேரு செக்கோஸ்லோவாகியா. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி. கடிவாளம் மாஸ்கோவில், அதாவது சோவியத் யூனியன் கையில்.

1968 ஜனவரியில் அலெக்சாண்டர் டூப்செக் என்பவர் கட்சித் தலைமைக்கு வந்தார். கம்யூனிசத்தைத் தூக்கிப் போடணும்னு அவர் சொல்லலை. அதுக்கு ஒரு மனித முகம் வேணும்னுதான் சொன்னார். பத்திரிகைத் தணிக்கை விலகியது. மக்கள் வாய்விட்டுப் பேச ஆரம்பிச்சாங்க. அந்தச் சில மாதங்களுக்கு 'பிராக் வசந்தம்' என்று பெயர்.

மாஸ்கோவுக்கு இது பிடிக்கலை. 1968 ஆகஸ்ட் 20-ம் தேதி இரவு சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியா நாட்டுப் படைகள் எல்லை தாண்டி உள்ளே வந்தன. லட்சக்கணக்கான வீரர்கள், ஆயிரக்கணக்கான டாங்கிகள். மக்கள் வெறும் கையோடு டாங்கிகள் முன்னாடி நின்னு ராணுவ வீரர்களிடம் வாதம் செஞ்சாங்க. பாதை தெரியாமல் படைகள் திணறட்டும்னு தெருப் பெயர்ப் பலகைகளைக் கழற்றி எறிஞ்சாங்க. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனாங்க.

அக்டோபரில் ஒரு ஒப்பந்தம் போடப்பட்டது. சோவியத் படைகள் 'தற்காலிகமாக' அங்கேயே தங்கும் என்றது அது. அந்தத் தற்காலிகம் முடிந்தது எப்போ தெரியுமா? 1991-ல்.

1969 ஜனவரியில், 20 வயது மாணவர் யான் பாலக், பிராக் நகரின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் இந்த ஆக்கிரமிப்பை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். நாடே ஊமையாக அழுதது. ஊர்வலம் போகலாம், அழலாம். ஆனால், டாங்கி வெச்சிருக்கிறவனைத் திருப்பி அடிக்க வழி எதுவும் இல்லை.

ஒரே ஒரு இடம்தான் பாக்கி இருந்தது. 60 மீட்டர் நீளமுள்ள ஒரு பனித்தளம்.

பிராக்கில் நடக்கவேண்டிய போட்டி, ஸ்டாக்ஹோமுக்குப் போனது

1969-ம் ஆண்டின் உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன்ஷிப்பை பிராக் நகரம் நடத்துவதாகத்தான் இருந்தது. ஊர் முழுக்க அந்நியப் படைகள் இருக்கும்போது அதை எப்படி நடத்த முடியும்? செக்கோஸ்லோவாகியா விலகிக்கொள்ள, போட்டி ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமுக்குப் போனது.

மொத்தம் ஆறு அணிகள். சோவியத், செக்கோஸ்லோவாகியா, ஸ்வீடன், பின்லாந்து என நான்கு ஐரோப்பிய அணிகள். கூடவே கனடா, அமெரிக்கா. ஐரோப்பிய சாம்பியன் யார் என்பதையும் இந்தப் போட்டியை வெச்சுத்தான் அப்போ முடிவு பண்ணுவாங்க. ஒவ்வொரு அணியும் மத்த ஐந்து அணிகளோடு தலா ரெண்டு முறை மோதணும். ஐ.பி.எல் லீக் சுற்று மாதிரி வெச்சுக்கோங்க. ஆனா பிளே ஆஃப், ஃபைனல் எதுவும் கிடையாது. கடைசியில் புள்ளிப் பட்டியலில் யார் மேலே இருக்காங்களோ, அவங்கதான் சாம்பியன்.

அந்தக் காலத்து சோவியத் அணியைப் பத்தி ஒரு வரி சொல்லியே ஆகணும். 1963-ல் இருந்து 1968 வரை எல்லா வருஷமும் உலக சாம்பியன் அவங்கதான். ஆறு வருஷம், ஆறு தங்கம். அப்படி ஒரு டீம்.

ரெண்டு ரெண்டு முறை மோதணும் என்ற ஃபார்மேட்டின் அர்த்தம் பிராக்கில் இருந்த எல்லோருக்கும் புரிஞ்சிருந்தது. சோவியத்தை ரெண்டு தடவை அடிக்க சான்ஸ் இருக்கு!

தோத்தா அவமானம், ஜெயிச்சா ஆபத்து

'சரி, வெறி இருந்திருக்கும், ஆடியிருப்பாங்க' என்று சுலபமாகச் சொல்லிடலாம். ஆனா, அந்த வீரர்களுக்கு ஒரு பழைய கதை தெரியும்.

1949-ல் உலக சாம்பியன் ஆன அணி செக்கோஸ்லோவாகியா. அடுத்த வருஷம் மார்ச் மாதம் லண்டன் போட்டிக்குக் கிளம்பி, விமான நிலையம் வரை வந்தவங்களை அரசாங்கம் திருப்பி அனுப்பியது. நாட்டை விட்டே ஓடிப்போயிடுவாங்களோ என்ற சந்தேகம். ரெண்டு நாள் கழிச்சு, பிராக்கில் ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்த வீரர்களை ரகசிய போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. தேசத்துரோக வழக்கு. கோல்கீப்பர் போஹுமில் மோத்ரிக்கு 15 ஆண்டுகள், அகஸ்டின் புப்னிக் என்ற வீரருக்கு 14 ஆண்டுகள் தண்டனை. உலக சாம்பியன்கள் யுரேனியச் சுரங்கங்களில் வேலை செஞ்சாங்க. ஐந்து வருஷம் கழிச்சுத்தான் பலரும் வெளியே வந்தாங்க.

தன் நாட்டு அரசாங்கமே இப்படிச் செஞ்சு 20 வருஷம்கூட ஆகலை. இப்போ ஊருக்குள்ளேயே சோவியத் ராணுவம் இருக்கு. ஜெயிச்சா என்ன நடக்கும், வீட்டில் இருக்கிறவங்களுக்கு என்ன ஆகும்? இந்தக் கேள்விகளோடுதான் அவங்க ஸ்கேட்ஸ் கட்டினாங்க.

மார்ச் 21: 2-0

செக்கோஸ்லோவாகியாவின் சின்னம் சிங்கம். கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த பிறகு, அந்தச் சிங்கத்தின் தலைக்கு மேல் ஒரு நட்சத்திரத்தை வெச்சாங்க. ஜெர்ஸியிலும் அது உண்டு. ஸ்டாக்ஹோமில் சில வீரர்கள் என்ன பண்ணாங்கன்னா, அந்த நட்சத்திரத்தின் மேல் டேப் ஒட்டி மறைச்சுட்டாங்க. ஹாக்கி மட்டையில் சுத்துற சாதாரண டேப்தான். அன்னைக்கு அதுவே ஒரு போஸ்டர்.

படையெடுப்புக்குப் பிறகு உலக சாம்பியன்ஷிப்பில் ரெண்டு அணிகளும் சந்திச்ச முதல் ஆட்டம். அரங்கத்தில் ஸ்வீடன் ரசிகர்கள் செக்கோஸ்லோவாகியா பக்கம். யான் சுகீ ஒரு கோல், யோசெப் செர்னி ஒரு கோல். கோல்கீப்பர் விளாடிமிர் ஸுரில்லா ஒரு பக்கைக்கூட உள்ளே விடலை. 2-0.

உலகத்தையே ஆறு வருஷமாக அடிச்சுக்கிட்டிருந்த அணி, ஒரு கோல்கூடப் போட முடியாமல் வெளியே போனது. ஆட்டம் முடிஞ்சதும் வரிசையா நின்னு கைகுலுக்குவது வழக்கம். கேப்டன் யோசெப் கோலோங்காவின் அணி கைகுலுக்காமலேயே திரும்பியது.

மார்ச் 28: 4-3

ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது ஆட்டம். இந்த முறை சோவியத் சும்மா விடலை. மூணு கோல் போட்டாங்க. செக்கோஸ்லோவாகியா நாலு போட்டது. 4-3.

டி.வி முன்னாடி உட்கார்ந்திருந்த நாடு கதவைத் திறந்துக்கிட்டுத் தெருவுக்கு வந்தது. பிராக்கில் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்ட கூட்டம். மற்ற நகரங்களிலும் இதே காட்சி. இரண்டு மாசம் முன்னாடி யான் பாலக் தீக்குளித்த அதே சதுக்கத்தில், மக்கள் கட்டிப்பிடிச்சுக் கத்திக்கொண்டிருந்தாங்க. சுவர்களில் ஸ்கோர் எழுதினாங்க. செக் மொழியில் டாங்கிகளுக்கு 'டாங்கி', கோல்களுக்கு 'பிராங்கி'. அதை வெச்சு ஒரு கோஷம் பிறந்தது. 'நீங்க எங்களுக்கு டாங்கி தந்தீங்க, நாங்க உங்களுக்கு கோல் தர்றோம்' என்பதுதான் அதன் அர்த்தம்.

யோசிச்சுப் பாருங்க. ஏழு மாசமா கூட்டமாக நின்னு சத்தம் போட்டா அது போராட்டம், போலீஸ் வரும். ஆனா ஹாக்கியில் ஜெயிச்சதுக்குக் கத்தினா யார் என்ன சொல்ல முடியும்? மனசுல அடக்கி வெச்சிருந்த எல்லாத்தையும் வெளியே கொட்ட அந்த 4-3 ஒரு பாஸ் மாதிரி கிடைச்சது.

உடைந்த கண்ணாடி

அந்த ராத்திரி கொண்டாட்டத்தோடு நிக்கலை. வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளாட்டின் அலுவலகம் இருந்தது. கூட்டம் அதன் கண்ணாடிகளைக் கல்லால் உடைச்சது. உள்ளே இருந்த மேஜை நாற்காலிகளை வெளியே இழுத்துப் போட்டுக் கொளுத்தினாங்க. வேறு நகரங்களில் சோவியத் படைகள் தங்கியிருந்த இடங்கள் மீதும் கல் வீச்சு நடந்தது.

இங்கேதான் கதையில் ஒரு முள் இருக்கு. ஏரோஃப்ளாட் அலுவலக வாசலில் கற்கள் முன்கூட்டியே குவிச்சு வைக்கப்பட்டிருந்தன. 'இதுங்க எறியட்டும்' என்று ரகசிய போலீஸே கொண்டுவந்து கொட்டியது என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது. அது இன்னும் போகலை. அந்தக் கண்ணாடி உடைஞ்சதால் அதிகம் லாபம் அடைஞ்சது யார்னு பார்த்தா, சந்தேகம் ஏன் வந்ததுனு புரியும்.

மாஸ்கோ உடனே வேலையை ஆரம்பிச்சது. சோவியத் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் கிரெச்கோ சில நாள்களில் செக்கோஸ்லோவாகியாவுக்குள் வந்து இறங்கினார். 'நீங்க அடக்குறீங்களா, இல்ல நாங்க வந்து அடக்கட்டுமா?' என்பதுதான் அவர் கொண்டுவந்த செய்தியின் சாரம். பத்திரிகைத் தணிக்கை இறுகியது. ஏப்ரல் 17-ம் தேதி, அதாவது அந்த 4-3 முடிந்து மூணு வாரத்துக்குள், டூப்செக் பதவியை இழந்தார். அந்த இடத்துக்கு வந்தவர் குஸ்தாவ் ஹூசாக்.

அடுத்த 20 வருஷத்துக்கு அங்கே 'இயல்புநிலை' என்று பெயர். பேசினவங்க வேலை இழந்தாங்க, கட்சியை விட்டு நீக்கப்பட்டாங்க. டூப்செக் கொஞ்ச நாள் துருக்கிக்குத் தூதராக அனுப்பப்பட்டு, பிறகு ஸ்லோவாகியாவில் வனத்துறையில் சாதாரண வேலை பார்த்தார். ஒரு நாட்டையே வழிநடத்தியவருக்குக் கிடைச்ச வேலை அது.

அப்போ, ஒரு மேட்ச்தான் ஆட்சியைக் கவிழ்த்ததா?

'ஹாக்கி மேட்ச்சால் கவிழ்ந்த ஆட்சி!' என்று ஒரு ரீல் போட்டா சூப்பரா ஓடும். ஆனா, அது முழு உண்மை கிடையாது.

டூப்செக்கை நீக்கணும் என்ற முடிவை மாஸ்கோ ஆகஸ்ட்டிலேயே எடுத்துடுச்சு. டாங்கி வந்ததே அதுக்குத்தான். மக்கள் அவர் பின்னாடி நின்னதால் உடனே செய்ய முடியலை, அவ்ளோதான். ஒரு சாக்குக்காகக் காத்திருந்தாங்க. 4-3 இல்லாமல் போயிருந்தா, வேற ஏதோ ஒரு ராத்திரி, வேற ஏதோ ஒரு கண்ணாடி உடைஞ்சிருக்கும்.

அதனால், 'அவங்க ஜெயிக்காம இருந்திருக்கலாமோ' என்று கேட்பது அந்த வீரர்களுக்குச் செய்யும் அநியாயம். கல் எறிஞ்சவங்க மேல பழி போட்டுட்டு, டாங்கி அனுப்பினவங்களை விட்டுடுற கணக்கு அது.

அதே சமயம், 'விளையாட்டு எல்லாத்தையும் மாத்திடும்' என்று சொல்றதும் சரியில்லை. கோல் போட்டா டாங்கி திரும்பிப் போகாது. போகவும் இல்லை.

தங்கம் யாருக்கு?

இதைச் சொல்லாம விட்டா ஸ்போர்ட்ஸ் ரசிகர்கள் என்னை மன்னிக்க மாட்டீங்க. அந்த சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கியது சோவியத் யூனியன்!

எப்படி? நாம சின்ன வயசுல விளையாடின கல்-காகிதம்-கத்தரி மாதிரி ஆயிடுச்சு. சோவியத்தை செக்கோஸ்லோவாகியா ரெண்டு தடவை ஜெயிச்சது. செக்கோஸ்லோவாகியாவை ஸ்வீடன் ரெண்டு தடவை ஜெயிச்சது. ஸ்வீடனை சோவியத் ரெண்டு தடவை ஜெயிச்சது. மற்ற அணிகளை இந்த மூணு பேருமே அடிச்சுட்டாங்க. பத்து ஆட்டம், எட்டு வெற்றி, ஆளுக்கு 16 புள்ளி. கோல் வித்தியாசத்தில் சோவியத்துக்குத் தங்கம், ஸ்வீடனுக்கு வெள்ளி, செக்கோஸ்லோவாகியாவுக்கு வெண்கலம்.

தங்கம் வாங்கிய சோவியத்தின் பட்டியலில் 1969 என்பது வரிசையாக வந்த ஏழாவது பட்டம். வெண்கலம் வாங்கிய நாட்டிலோ, 2-0, 4-3 என்ற ரெண்டு ஸ்கோரும் வரலாற்றுப் பாடம். அந்தத் தொடர் தங்கத்துக்கு முற்றுப்புள்ளி வெச்சதும் செக்கோஸ்லோவாகியாதான். 1972-ல், பிராக்கிலேயே நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் தங்கம் வாங்கினாங்க. யாகர் பிறந்த அதே வருஷம்.

மறுபடியும் 68

யாகரின் குடும்பத்துக்கும் இந்த ஆட்சியோடு ஒரு கணக்கு உண்டு. அவருடைய தாத்தா ஒரு விவசாயி. நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. கூட்டுப் பண்ணையில் வேலை செய்ய மறுத்ததற்காகச் சிறைக்கும் போனார். அவர் இறந்த வருஷம் 1968. பேரனுக்கு அந்தப் பெயர்தான் வந்தது, யாரோமீர். எண்ணை அவரே எடுத்துக்கிட்டார்.

1989-ல் அந்த ஆட்சி விழுந்தது. டூப்செக் நாடாளுமன்றத் தலைவராகத் திரும்பி வந்தார். 1990-ல் யாகர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அணிக்குப் போனார். 1998-ல் ஜப்பானின் நகானோ ஒலிம்பிக் ஃபைனலில் செக் அணி ரஷ்யாவை 1-0 என வீழ்த்தித் தங்கம் வென்றபோது, அந்த அணியில் 68-ம் எண் ஜெர்ஸி இருந்தது.

2024 பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் அணி அந்த எண்ணுக்கு ஓய்வு கொடுத்தது. அதாவது, அந்த அணியில் இனி யாரும் 68 போட முடியாது. அரங்கத்தின் கூரையில் அது தொங்குது.

இப்போ என்ன நிலைமை?

ஐரோப்பிய தேசிய அணிகளுக்குள் ஒவ்வொரு சீசனும் 'யூரோ ஹாக்கி டூர்' என்று ஒரு தொடர் நடக்குது. 1996-97 சீசனில் ஆரம்பிச்சது. செக், ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா என நான்கு அணிகள் ஆடிவந்தன. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையெடுத்ததும், சர்வதேச ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு ரஷ்யாவையும் பெலாரஸையும் போட்டிகளில் இருந்து விலக்கியது. யூரோ ஹாக்கி டூரில் ரஷ்யாவின் இடத்துக்கு சுவிட்சர்லாந்து வந்தது.

'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீங்க' என்று ஒரு கமென்ட் எப்பவும் வரும், இல்லையா? 1969-ல் சோவியத்தை யாரும் விலக்கலை. அரசியலை ஓரமா வெச்சுட்டு, ரெண்டு அணிகளையும் ஒரே களத்தில் இறக்கி விட்டாங்க. நட்சத்திரத்தை மறைக்க ஒரு துண்டு டேப் போதுமானதா இருந்தது. அரசியல் உள்ளேதான் இருந்தது.

அடுத்த தடவை உங்க ஃபீட்ல தாடி வெச்ச ஒரு வயசான ஹாக்கி பிளேயர் 68-ம் நம்பரோட வந்தா, ஸ்க்ரோல் பண்றதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் நில்லுங்க. அந்த நம்பர் ஏன்னு பக்கத்துல இருக்கிறவங்களுக்குச் சொல்லுங்க. யாகர் அதை முதுகில் போட்டுக்கிட்டதே, பின்னாடி இருக்கிறவங்க படிக்கணும்னுதான்.